துருவம் எட்டுப் பாகைக்குக் கீழே: மட்டக்களப்பு, அம்பாறையில் வான்படக் கருவிகளைப் பொருத்தலும் பிழை திருத்தலும்

நட்சத்திரப் படப்பிடிப்புக்கு இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் அநேகமானவை 40, 50 பாகை வடக்கில் இருப்பவர்கள் எழுதியவை. அவர்களுக்குத் துருவ நட்சத்திரம் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்கிறது. மட்டக்களப்பு நகரம் 7.7 பாகை வடக்கில் இருக்கிறது, அம்பாறை 7.3, பொத்துவில் 6.9. வானத்தின் வடதுருவம் அடிவானத்திலிருந்து அவ்வளவுதான் எழும்பும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அது சுமார் 10 பாகை. நமது துருவ நட்சத்திரம் அந்த முஷ்டிக்குள் மறைந்துவிடும். வீட்டுக்கு வடக்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தாலே கதை முடிந்தது. கருவியைப் பொருத்துவதில் இங்கே வரும் சிக்கல்களில் பாதி இந்த ஒரு எண்ணால் வருகிறது. மீதிப் பாதி உப்பும் ஈரமும்.

அதற்குப் பதிலாகத் தெற்கு வானம் நமக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. மூலத்துக்கும் பூராடத்துக்கும் இடையில் கிடக்கும் பால்வீதி மையம் 53 பாகை உயரத்துக்கு வரும். ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து 35 பாகை, கரீனா நெபுலா என்ற வாயு முகில் 22 பாகை. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இந்தக் கடைசி இரண்டும் எழும்புவதே இல்லை.

காலமும் இடமும்

ஒக்டோபர் கடைசியில் இருந்து ஜனவரி வரை மழைக்காலம்; கருவியைப் பெட்டியில் வைத்துப் பராமரிக்கும் காலம். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை கரீனாவும் தென்சிலுவையும். மே முதல் செப்டம்பர் வரை பால்வீதி. ஜூலை நடுப்பகுதியில் மட்டக்களப்பில் மாலை 6.25 அளவில் பொழுது படும், 7.40 அளவில் முழு இருட்டு, இரவு 10.15 அளவில் பால்வீதி மையம் நேர் தெற்கே உச்சிக்கு வரும். அதிகாலை 1.30 மணிக்கும் அது 30 பாகை உயரத்தில் நிற்கும். அமாவாசைக்கு முன்னும் பின்னுமாக ஐந்து நாள்களைக் கணக்கில் வையுங்கள். ஆனால் அதே மாதங்களில்தான் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றும் வீசுகிறது. அது படத்தை எப்படி ஆட்டும் என்பது பின்னால் வருகிறது.

எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே உள்ள கரையோரத்தில், கடல் பக்கம் இருட்டு, ஆனால் தெற்கு வெளிச்சம். கல்லடிக் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் காத்தான்குடி; அதற்கு அப்பால் கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரம் முழுவதும் ஊர். தாழ்வாக நிற்கும் தென்சிலுவைக்கு அது சரிவராது. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்வெளியில் உப்புக் காற்றும் குறைவு, நான்கு பக்கமும் அடிவானம் திறந்திருக்கும். வாகரைப் பக்கம் வடக்கு அடிவானம் நன்றாக இருக்கும். தெற்கே தாழ்வான பொருள்களுக்குப் பொத்துவிலைக் கடந்து பாணமைப் பக்கம் போவது நல்லது. அறுகம்பையில் சுற்றுலாக் காலத்தில் விடுதி வெளிச்சம் அதிகம்.

படுவான்கரையில் யானை வரும். குளக்கட்டில் தனியாக நிற்க வேண்டாம். தெரிந்தவர்களின் வயல்வாடிக்கு அருகிலோ வீட்டு முற்றத்திலோ, ஆள் துணையோடு கருவியை வையுங்கள். இரவில் வெட்டவெளியில் குழாய் மாதிரி ஒன்றை நிறுத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் யாரும் வந்து விசாரிப்பார்கள். முன்கூட்டியே ஊரில் ஒரு சொல் சொல்லி வைத்தால் இரவு வீணாகாது.

என்ன வாங்குவது, எந்த ஒழுங்கில்

முதலில் இருக்கிற கெமராவே போதும். லென்ஸ் கழற்றும் வசதியுள்ள, மேனுவல் முறையும் பதப்படுத்தாத ரோ கோப்பும் தருகிற எந்தப் பழைய கெமராவும் சரி. அடுத்து ஆடாத டிரைபொட், படங்களை வரிசையாகத் தானே எடுக்க வைக்கும் இன்டர்வலோமீட்டர், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், சிவப்பு வெளிச்சம் தரும் தலை டோர்ச். இவற்றோடு இரண்டு மாதம் பழகிய பிறகுதான் டிராக்கர், அதாவது வானம் சுழலும் வேகத்தில் கெமராவைத் திருப்பும் கருவி. தொலைநோக்கியை முதலில் வாங்குகிறவர்கள் பலர் அதை அலுமாரிக்கு மேல்தான் வைத்திருக்கிறார்கள்.

டிராக்கர் இல்லாமல் எத்தனை செக்கன் திறந்து வைக்கலாம்? 500 ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுக்கும் பழைய 500 விதி இன்றைய சென்சர்களுக்குத் தாராளம் அதிகம். இந்தக் கணக்கைப் போடுங்கள்: எஃப் எண்ணை 35 ஆல் பெருக்குங்கள்; பிக்சல் அளவை மைக்ரோனில் எடுத்து 30 ஆல் பெருக்குங்கள்; இரண்டையும் கூட்டி, லென்ஸின் மி.மீ. அளவால் வகுங்கள். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கெமராவில் பிக்சல் சுமார் 3.9 மைக்ரோன். 18 மி.மீ., எஃப் 3.5 என்றால் 13 செக்கன். 50 மி.மீ., எஃப் 2.8 என்றால் 4 செக்கன். நாலு செக்கனில் என்ன கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 300 படத்தைச் சேர்த்தால் 20 நிமிட வெளிச்சம்.

டிரைபொட்டை நிறுத்தும் விதம்

டிராக்கரின் சுழல் அச்சு துருவத்தை நோக்க வேண்டும். இங்கே அந்த அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். இதனால் மூன்று தொல்லை வரும்.

முதலாவது, சில மவுண்டுகளில் (டிராக்கரைப் போலச் சுழற்றும் தலைகளில்) அச்சின் உயரத்தை மாற்றும் அகலாங்குத் திருகு 10 பாகைக்குக் கீழே இறங்காது. வாங்கும் முன் கையேட்டில் கடைசி எண்ணைப் பாருங்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால், தெற்குக் காலை நீட்டி முழுத் தலையையும் வடக்குப் பக்கம் மூன்று நான்கு பாகை சரித்து விடலாம். மட்டக்குமிழி அப்போது பொய் சொல்லும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். அச்சு துருவத்தைப் பார்த்தால் போதும், தலை மட்டமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இரண்டாவது, கெமராவின் பாரத்தைச் சமப்படுத்தும் எதிர்எடைத் தண்டு. அச்சு படுத்திருப்பதால் தண்டு செங்குத்தாகக் கீழே தொங்கி, சுழலும்போது வடக்குக் காலில் இடிக்கும். வழிகாட்டிகள் எல்லாம் ஒரு காலை வடக்கே வைக்கச் சொல்லும். இங்கே ஒரு காலைத் தெற்கே வைத்து, மற்ற இரண்டையும் வடகிழக்கிலும் வடமேற்கிலும் விரியுங்கள். தண்டு இரண்டுக்கும் நடுவால் போகும். ஆனால் பாரம் முழுவதும் வடக்கே தள்ளி நிற்பதால் முன்னுக்குக் கவிழப் பார்க்கும். 5 லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்றைத் தெற்குக் காலின் மேற்பகுதியில் கட்டி, அடி நிலத்தில் மெல்லத் தட்டும்படி விடுங்கள். அந்தரத்தில் தொங்க விட்டால் காற்றுக்கு அதுவே ஊஞ்சலாகிவிடும்.

மூன்றாவது, எதிர்எடை இல்லாத சிறு டிராக்கரில் கெமராவைப் பூட்டும் போல்ஹெட் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். கெமராவின் பாரம் அதைத் திருகித் தளர்த்தப் பார்க்கும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கையால் பிடித்துப் பாருங்கள். 135 மி.மீ. லென்ஸுக்கு மேல் போனால் எதிர்எடை கட்டாயம் வேண்டும்.

கடற்கரை மணலில் கால்கள் இரவு முழுவதும் மெல்ல இறங்கும். ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு பலகைத் துண்டோ பழைய ஓடோ வைத்து, மிதித்து இறுக்கிய பிறகு பொருத்துங்கள். டிரைபொட்டின் நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம்.

துருவம் தெரியாமல் துருவத்தைப் பிடித்தல்

7.7 பாகையில் நிற்கும் நட்சத்திரத்தின் ஒளி, தலைக்கு மேல் இருப்பதைவிடச் சுமார் ஏழு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. கடலோர ஈரப்பதத்தில் துருவ நட்சத்திரம் வெறுங்கண்ணுக்கு இருக்கிறதா இல்லையா என்ற நிலைதான். டிராக்கரின் துருவத் தொலைநோக்கியில் அது அகப்பட்டால் நல்லது. ஆனால் ஒளிவிலகல் அதை உண்மையான இடத்திலிருந்து சுமார் 7 ஆர்க்நிமிடம் (ஒரு பாகை 60 ஆர்க்நிமிடம், ஓர் ஆர்க்நிமிடம் 60 ஆர்க்செக்கன்) உயர்த்திக் காட்டும். அகல லென்ஸுக்கு இது ஒரு பொருட்டில்லை.

கணக்காகவே பாருங்கள். அச்சு ஓர் ஆர்க்நிமிடம் விலகினால், நட்சத்திரம் நிமிடத்துக்கு அதிகபட்சம் 0.26 ஆர்க்செக்கன் நழுவும். 135 மி.மீ. லென்ஸில் 3.9 மைக்ரோன் பிக்சல் ஒன்று 6 ஆர்க்செக்கன். எனவே 7 ஆர்க்நிமிடப் பிழை 2 நிமிடப் படத்தில் ஒரு பிக்சலைக்கூட நகர்த்தாது. ஒரு பாகை பிழை என்றால் 5 பிக்சல் இழுபடும். ஆகவே குறி: அரைப் பாகைக்குள் வருவது.

பகலிலேயே வடக்கைக் குறித்து வைப்பது சுலபம். ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் அன்றைக்குச் சூரியன் நடுவானைக் கடக்கும் நேரத்தைப் பாருங்கள். மட்டக்களப்பில் ஜூலை நடுப்பகுதியில் அது 12.09 அளவில். அந்த நிமிடத்தில் தூக்குக்குண்டு நூலின் நிழல் நேர் வடக்குத் தெற்காக விழும். ஜூனிலும் ஜூலையிலும் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்குப் பக்கம் விழும், குழம்ப வேண்டாம். ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் உச்சந்தலைக்கு வருவதால் நிழலே இருக்காது. அந்த நாள்களில் இந்த முறை உதவாது. கைபேசித் திசைகாட்டியை நம்பினால், டிராக்கரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். கிட்டப் பிடித்தால் டிராக்கரின் இரும்பு முள்ளை இழுக்கும்; கைபேசி உறையில் காந்தம் இருந்தால் அதுவும் இழுக்கும். உயரத்துக்குக் கைபேசியின் சாய்வுமானியை டிராக்கரின் தட்டையான பக்கத்தில் வைத்து 7.7 க்குக் கொண்டுவாருங்கள்.

இதற்குப் பிறகு நழுவல் முறை. இதற்குத் துருவம் தெரியவே தேவையில்லை.

1. 135 மி.மீ. அளவு லென்ஸைப் பூட்டி, டிராக்கரை நிறுத்திவிட்டு, 20 செக்கன் படம் ஒன்று எடுங்கள். நட்சத்திரக் கோடு படத்தின் நீளப் பக்கத்துக்கு இணையாக வரும்வரை கெமராவைத் திருப்புங்கள். இனி நீளப் பக்கம் கிழக்கு மேற்கு, குறுக்குப் பக்கம் வடக்கு தெற்கு.

2. கிழக்கு மேற்குத் திசைப்பிழைக்கு: நடுவான்கோட்டில் (வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்கே போகும் கோடு), உச்சந்தலைக்குச் சற்றுத் தெற்கே ஒரு நட்சத்திரம் எடுங்கள். பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே உள்ள வான நடுக்கோடு இங்கே உச்சியிலிருந்து 7.7 பாகை தெற்கால்தான் போகிறது. டிராக்கரை ஓட விட்டு 10 செக்கன் படம் ஒன்று, 5 நிமிடம் கழித்து இன்னொன்று. இரண்டையும் திரையில் 10 மடங்கு பெருக்கி மாற்றி மாற்றிப் பாருங்கள். நட்சத்திரம் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. ஒரு பாகை பிழை 5 நிமிடத்தில் 13 பிக்சல். 6 பிக்சலுக்குள் வந்தால் அரைப் பாகைக்குள் வந்துவிட்டீர்கள்.

3. உயரப் பிழைக்கு: கிழக்கே 20 முதல் 30 பாகை உயரத்தில் ஒரு நட்சத்திரம். ஜூலை நடுவில் இரவு 8 மணிக்குத் திருவோணம் அங்கேதான் நிற்கும். தெற்கே நழுவினால் அச்சு தாழ்வு, வடக்கே நழுவினால் உயர்வு. மேற்குப் பக்க நட்சத்திரத்தில் இது தலைகீழாகும்.

4. இரண்டாவது படியை இன்னொரு தடவை செய்யுங்கள். உயரத் திருகைத் தொட்டால் திசையும் கொஞ்சம் அசையும்.

நீளவாக்கில் தெரியும் நழுவலை விட்டுவிடுங்கள்; அது பற்சக்கரத்தின் வேலை. படத்தில் எது வடக்கு என்று குழப்பம் வந்தால், திருகைக் கால் சுற்று திருப்பி மறுபடி அளந்து பாருங்கள். நழுவல் கூடினால் மறுபக்கம் திருப்புங்கள், அவ்வளவுதான். மடிக்கணினியும் மோட்டர் மவுண்டும் உள்ளவர்கள் நீனா மென்பொருளின் மூன்று புள்ளி முறையைப் பயன்படுத்தலாம். அதற்கும் துருவம் கண்ணில் பட வேண்டியதில்லை.

டிராக்கரில் வடக்கு, தெற்கு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். தெற்கு வானத்தைப் படம் எடுக்கிறோம் என்று பலர் அதைத் தெற்குக்குத் தள்ளிவிடுகிறார்கள். நாம் நிற்பது வட அரைக்கோளம். லென்ஸ் எங்கே பார்த்தாலும் சுவிட்ச் வடக்கிலேயே இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் டிராக்கரை ஓட விட்டும் நிறுத்தியும் 30 செக்கன் படம் ஒவ்வொன்று எடுங்கள். ஓடும்போது கோடு இரு மடங்கு நீளம் என்றால் அது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

கெமரா அமைப்பும் ஃபோகஸும்

மேனுவல், ரோ, ஐஎஸ்ஓ 800 முதல் 1600, வெண்சமநிலை பகல் வெளிச்சம். எஃப் 1.8 லென்ஸை 2.8 க்கு மூடுங்கள். அதிர்வுக் குறைப்பையும் ஓட்டோ ஃபோகஸையும் நிறுத்துங்கள். நீண்ட எக்ஸ்போஷர் நொய்ஸ் குறைப்பு இயங்கினால், ஒவ்வொரு படத்துக்கும் சமமான நேரத்தைக் கெமரா மூடிக்கொண்டு செலவழிக்கும். அரை இரவு அதிலேயே போய்விடும்.

ஃபோகஸுக்குக் கேட்டை மாதிரி பிரகாசமான ஒன்றை லைவ் வியூவில் 10 மடங்கு பெருக்கி, மிகச் சிறிய புள்ளியாகும்வரை திருப்புங்கள். அந்தப் புள்ளியைக் கடந்துபோய்த் திரும்பி வந்தால்தான் அது எங்கே என்று தெரியும். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். கிடைத்ததும் வளையத்தில் டேப் ஒட்டுங்கள்.

இன்டர்வலோமீட்டரில் ஒரு பொறி உண்டு. சில வகைகளில் இடைவெளி என்பது ஒரு படத்தின் முடிவிலிருந்து அடுத்த படத்தின் தொடக்கம். வேறு சிலவற்றில் தொடக்கத்திலிருந்து தொடக்கம். இரண்டாவது வகையில் 60 செக்கன் எக்ஸ்போஷருக்கு இடைவெளி 3 என்று வைத்தால் படங்கள் தவறும். 63 என்று வைக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் மூன்று படம் எடுத்து முதலே தெரிந்துகொள்ளுங்கள்.

பனியும் உப்பும் பூஞ்சணமும்

ஏசி அறையிலிருந்தோ ஏசி வாகனத்திலிருந்தோ கெமராவை எடுத்து நேரே வெளியே வைத்தால் கண்ணாடி முழுவதும் வேர்க்கும். பையை மூடியபடியே ஒரு மணித்தியாலம் வெளியே வைத்த பிறகு திறவுங்கள். அதன் பிறகு வருவது பனி. வானத்தைப் பார்க்கும் கண்ணாடி தன் வெப்பத்தை மேலே இழந்து சுற்றுக் காற்றைவிடக் குளிர்கிறது. நமது ஈரப்பதத்தில் ஓரிரு பாகை குளிர்ந்தாலே போதும், நீர் படியும். இதற்கு ஹீட்டர் பட்டி வேண்டும்.

அதைக் கையாலேயே செய்யலாம். 82 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் பத்து, எல்லாவற்றையும் சமாந்தரமாக இரண்டு வயர்களுக்கு இடையில் ஏணிப்படி மாதிரி ஈயப்பற்று வையுங்கள். பழைய யுஎஸ்பி வயரின் 5 வோல்ட் கொடுத்தால் மொத்தம் 3 வாட், 0.6 அம்பியர். ஒவ்வொரு ரெசிஸ்டரிலும் 0.3 வாட் மட்டுமே செலவாவதால் எரியாது. 77 மி.மீ. லென்ஸின் சுற்றளவு 24 செ.மீ.; 2.4 செ.மீ. இடைவெளியில் வைத்து, வயர்கள் ஒன்றையொன்று தொடாதபடி இன்சுலேஷன் டேப் சுற்றி, துணிப் பட்டிக்குள் தைத்துவிடுங்கள். கட்டும் இடம் முன் கண்ணாடியின் விளிம்பை ஒட்டி. ஃபோகஸ் வளையத்தின் மேல் கட்டக்கூடாது. பனி விழுந்த பிறகு போட்டால் காய நேரமெடுக்கும், ஆகவே தொடக்கத்திலேயே போடுங்கள். 20 நிமிடம் கழித்து ஃபோகஸை மறுபடி பாருங்கள், சூட்டில் அது நகரும்.

10,000 மில்லிஅம்பியர்-மணி பவர் பேங்கின் பெயரளவுச் சக்தி 37 வாட்-மணி. கைக்கு வருவது 30 அளவு. இந்த ஹீட்டருக்கு ஓர் இரவு தாராளமாகப் போதும். டிராக்கர் மட்டும் பூட்டினால், அது எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சில பவர் பேங்குகள் யாரும் இல்லை என்று நினைத்து அணைந்துவிடும். ஹீட்டரையும் அதே பவர் பேங்கில் பூட்டினால் இந்தத் தொல்லை போய்விடும்.

கடற்கரையில் எடுத்த இரவுக்கு அடுத்த காலை, உப்புப் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் காற்றூதியால் ஊதி, வடிகட்டிய நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபரால் ஒற்றி, பிறகு மட்டும் துடையுங்கள். டிரைபொட்டின் கால் பூட்டுகளை நல்ல தண்ணீரில் கழுவிக் காய விடுங்கள். நுளம்புக்குப் பூசும் டீட் கலந்த மருந்து ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். பூசிய கையைக் கழுவாமல் லென்ஸைத் தொட வேண்டாம்.

மழை மாதங்களில் லென்ஸைத் தோல் பையில் அடைத்து வைப்பதுதான் பூஞ்சணத்துக்குப் போடும் விருந்து. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறியதும் 120 பாகை செல்சியஸ் அடுப்பில் இரண்டு மணித்தியாலம் வாட்டினால் மறுபடி வேலை செய்யும். அரிசி இதற்கு உதவாது. ஈரத்தை எடுப்பதைவிடத் தூசியைக் கொடுப்பதுதான் அதிகம்.

எத்தனை படம்

டிராக்கரோடு 135 மி.மீ. லென்ஸில் 60 செக்கன் வீதம் 60 படம் நல்ல தொடக்கம். அவற்றோடு லென்ஸை மூடி அதே செக்கன், அதே ஐஎஸ்ஓவில், சென்சரின் நொய்ஸைக் கழிக்க 20 டார்க் படம். குளிர் நாட்டவர் டார்க் இல்லாமல் சமாளிப்பார்கள். நமக்கு ஜூலை இரவும் 25 செல்சியசுக்குக் கீழே அரிதாகவே போகும், சென்சர் அதைவிடச் சூடு. 6 பாகை கூடினால், வெளிச்சம் இல்லாமலே சென்சரில் ஊறும் இருட்டு மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. ஆகவே டார்க் படத்தைக் களத்திலேயே, கடைசிப் படம் முடிந்த கையோடு எடுங்கள். மறுநாள் வீட்டில் எடுத்தால் வெப்பம் பொருந்தாது. ஃபோகஸை மாற்றாமல், லென்ஸ் வாயில் வெள்ளைத் துணி கட்டி, விடியற்கால வானத்தைப் பார்த்து மூலை இருட்டையும் தூசி நிழலையும் திருத்தும் ஃபிளாட் படம் 25 எடுங்கள்.

ஒவ்வொரு ஐந்து படத்துக்கும் ஒரு தடவை டிராக்கரின் பொத்தானைத் தட்டிச் சட்டகத்தைச் சில பிக்சல் நகர்த்துங்கள். தட்டாமல் விட்டால், சேர்த்த படத்தில் சாய்வாக மழை பெய்தது போல நிறக் கோடுகள் வரும். எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாக எடுக்க முடியாது.

படத்தைப் பார்த்துப் பிழையைப் பிடித்தல்

பிழை எங்கே என்று நட்சத்திரத்தின் வடிவமே சொல்லும். படத்தை முழு அளவில் பெருக்கி, நடுவையும் நான்கு மூலையையும் பாருங்கள்.

எல்லா இடத்திலும் ஒரே பக்கம், ஒரே அளவு இழுபட்டிருந்தால், முதலில் கெமராவின் நீளப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். கிழக்கு மேற்காக இழுபட்டு, சில படம் நன்றாகவும் சில படம் மோசமாகவும் வந்தால் பற்சக்கரப் பிழை. 144 பல் சக்கரம் உள்ள டிராக்கரில் இது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும். மருந்து குறுகிய எக்ஸ்போஷர். மூன்று நிமிடத்துக்குப் பதில் ஒரு நிமிடம். கிழக்கு மேற்காக எல்லாப் படமும் சமமாக இழுபட்டால் கிளட்ச் வழுக்குகிறது, அல்லது சுவிட்ச் வேகம் சந்திரனிலோ சூரியனிலோ நிற்கிறது. வடக்கு தெற்காக இழுபட்டால் துருவ நேர்ப்படுத்தல். நழுவல் முறைக்குத் திரும்புங்கள்.

இரட்டைப் புள்ளி, அல்லது வால் முளைத்த புள்ளி என்றால் ஆட்டம். கச்சான் வீசும் இரவில் இது அடிக்கடி வரும். கெமரா வாரைக் கழற்றுங்கள், தொங்கும் வயரைக் காலோடு கட்டுங்கள், கால்களைப் பாதி நீளத்துக்கு இறக்குங்கள், காற்று வரும் மேற்குப் பக்கம் படங்கை மறைப்பாகக் கட்டுங்கள். படங்கை டிரைபொட்டில் கட்டாமல் தனிக் கம்பில் கட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறோம்.

நடு சரி, மூலையில் மட்டும் பறவைச் சிறகு போல விரிந்தால் அது லென்ஸின் குணம். ஒரு ஸ்டொப் மூடுங்கள். ஒரு மூலை மட்டும் மோசம் என்றால் லென்ஸ் மூட்டு சரியாக உட்காரவில்லை, அல்லது கனமான லென்ஸ் தொங்குகிறது.

பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றிப் புகை வளையம் வந்தால் பனியா மெல்லிய முகிலா என்று பார்க்க வேண்டும். படங்களை வரிசையாக ஓட்டுங்கள். வளையம் படத்துக்குப் படம் வளர்ந்துகொண்டே போனால் பனி. வந்து வந்து போனால் முகில். பனி என்றால் துடைக்க வேண்டாம், ஹீட்டரைக் கூட்டி விட்டுக் காத்திருங்கள்.

படங்களைச் சேர்க்கும் டீப்ஸ்கைஸ்டாக்கர் மென்பொருளில் 60 படம் கொடுத்தும் ஒரு படம்தான் சேரும் என்று வந்தால், நட்சத்திரங்களைக் கண்டுபிடிக்கும் எல்லையைக் குறைத்துப் பாருங்கள். எண்ணிக்கை பூச்சியத்துக்கு அருகில் நின்றால் பிழை மென்பொருளில் இல்லை, ஃபோகஸ் தவறியிருக்கிறது. எண்ணிக்கை பல்லாயிரம் என்றால் அது நொய்ஸை நட்சத்திரமாக எண்ணுகிறது, எல்லையை உயர்த்துங்கள். முதல் 30 படம் சேர்ந்து மிகுதி 30 தள்ளப்பட்டால், இடையில் ஃபோகஸ் நகர்ந்ததா, டிரைபொட் கால் மணலில் இறங்கியதா என்று 31 ஆவது படத்தைத் திறந்து பாருங்கள்.